எடைச் சீட்டு

விடுமுறை வேதாகமப் பள்ளியில்
பிள்ளைகளுக்குப் படம் போட வேண்டும்.
தேர்ந்தெடுக்க மூன்று பேர் கமிட்டி:
போதகர் ஏசுவடியான்,
தபால் ஆபீஸ் பொன்லிடியா,
நான்.
கிருஷ்ணகிரி பைபாஸ் எடைமேடையில்
மற்ற நாளெல்லாம் மாங்காய் லாரி நிறுக்கிறவன்
சனிக்கிழமை பொம்மைப் படம் நிறுத்தேன்.

மே மாசம், ராத்திரி பத்து மணி.
கூழ் ஆலையின் புளிப்பு வாசம்
ஜன்னல் ஏறி வந்து
லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

தாளில் கட்டம் போட்டிருந்தோம்:
மந்திரம். பொய். அடிதடி.
பெற்றோருக்குக் கீழ்ப்படியாமை.
அரைகுறை ஆடை, இது பொன்லிடியா சேர்த்தது.
மீனுக்கு ஏதம்மா ஆடை என்றார் போதகர்.
வேடிக்கைக்கு இல்லை,
நிஜமாகவே கேட்டார்.

முதல் படம், ஒரு நீர்நாய்க் குட்டி.
அண்ணனை ஆறு கொண்டுபோய்விட்டது.
கண் தெரியாத அம்மாவிடம்
"நாளைக்கு வந்துடுவான்" என்கிறது,
தினமும்,
ஒவ்வொரு நாளும் வேறு குரலில்.
பிறகு ஒரு சூனியக்காரி, ஒரு விளக்கு.
நான் எழுதினேன்:
பொய், பதினொன்று. தண்டனை, இல்லை.
மந்திரம், உண்டு.
மூக்கைத் துடைத்துக்கொண்டே பொன்லிடியா
தள்ளுபடி என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது ஒரு மயில் இளவரசன்.
அப்பா சொல் தட்டாத பிள்ளை,
சாப்பாட்டுக்கு முன்னால்
கண்மூடி நன்றி சொல்கிறவன்.
திருட வருவது ஓர் அண்டங்காக்கா.
கடைசியில் அது சேற்றில் விழ
காடே சிரிக்கிறது.
நாங்களும் சிரித்தோம்.
எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்.
தேறிற்று.

பழையபேட்டை ஜெபக்கூடத்தில்
எண்பத்திரண்டு பிள்ளைகள்.
திரைக்குப் போதகரின் வேட்டி.
மயில் பேசியது பாடப்புத்தகத் தமிழ்.
காக்கா வாயைத் திறந்தது:
"இன்னாடா பாத்துகினு கீற? எட்றா அத்த!"

கூடம் குலுங்கியது.
எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.
அது என் அப்பா பேச்சு.
குவாரியில் கல் ஏற்றுகிறவர்கள்
பீடி கேட்கிற பேச்சு,
பிள்ளையைக் கொஞ்சுகிற பேச்சு.
நான் கமிட்டிக்கு வருமுன்
வாசலிலேயே கழற்றிவிட்டு வருவது.

மூன்றாம் வரிசையில் ஓபேத்.
குவாரிக்காரர் மகன், நல்ல கறுப்பு.
யாரும் கைநீட்டவில்லை.
திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.
அவனும் சிரித்தான்,
கொஞ்சம் தாமதமாக,
எல்லாரையும் விடச் சத்தமாக.

மறுநாள் அவன் பெயர் காக்கா.
அதற்கு மறுநாள்
வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு.

இன்று மேடையில் ஏறியது ஒரு லாரி,
பெங்களூரா ரகம், பத்து டன்.
லோடு நிறுக்கும்போது
கிளீனர் பையன் மேலேயே நிற்பான்.
வெறும் வண்டி நிறுக்கும்போது
டீ குடிக்கப் போய்விடுவான்.
சீட்டில் ஒரு மனுஷன்
அறுபது கிலோ மாங்காய் ஆகிவிடுவான்.
பதினாறு வருஷமாய்
"இறங்குடா" என்று கத்துவதுதான் என் வேலை.
சனிக்கிழமை ராத்திரி
நாங்கள் மூன்று பேரும்
மேடைமேலேயே நின்றிருக்கிறோம்.
இறங்கச் சொல்ல ஆள் இல்லை.

சாயங்காலம் ஓபேத் வீட்டுக்குப் போனேன்.
"அவன் ஊருக்குப் போய்கீறான் சார்,
அவங்க பெரிம்மா வீட்டுக்கு"
என்றாள் அவன் அம்மா,
கதவை உடம்பால் மறைத்தபடி.
வாசலில் அவன் செருப்பு,
ஒன்று மல்லாந்து.

பொய், ஒன்று.
பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.

"வந்தான்னா சொல்லும்மா,
நாளிக்கும் வருவேன்,
அவன் வர்ற வரிக்கும்
வந்துகினே இருப்பேன்னு"
என்றேன்,
எங்கள் வீட்டுப் பேச்சில்,
உள்ளே கேட்கிற அளவுக்குச் சத்தமாக.